பத்தாவது ரிசல்ட்டுக்குப் பயந்து ஐந்தாவதிலேயே டி.சி.!

கேள்வி: என் மகன் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறான். வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான். எழுதச் சொன்னால் 'பள்ளி' 'பளி' ஆகிவிடும், 'மரம்' 'மறம்' ஆகிவிடும். ஆங்கிலம் அதைவிட மோசம். பரிசோதனை செய்து, டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருப்பதாக ரிப்போர்ட் வாங்கியிருக்கிறோம். அதைக் காட்டியதும், "டென்த்ல எங்க ரிசல்ட் அடிபடும், இப்பவே வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதுப் பள்ளியில் இதைப் பற்றி மூச்சு விடாதே, சீட் கிடைக்காது என்கிறார் என் மாமியார். கணவருக்குப் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்க்க ஆசை. இன்னொரு வருஷம் ஐந்தாவதே படிக்கட்டும் என்கிறார் என் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அண்ணன் யோசனையை முதலில் தள்ளிவிடுங்கள் அம்மா. அதே புத்தகத்தை அதே விதமாக இன்னொரு வருஷம் நடத்தினால் எழுத்து கைக்கு வந்துவிடாது. கூடப் படித்தவர்கள் ஆறாவது போனபின் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதுதான் அவன் மனதில் நிற்கும்.

மாமியாரின் பயம் நியாயமானது. ஆனால் எத்தனை நாள் மறைப்பீர்கள்? முதல் மாதத் தேர்வின் விடைத்தாளே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது ஆசிரியர் கண்ணுக்கு அவன் சோம்பேறியாகத்தான் தெரிவான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியராக நான் வேலை பார்த்த காலத்தில், வகுப்பில் அதிகம் அடிவாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் மறைத்துச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள்தான். ஆகவே சொல்லுங்கள். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தலைமை ஆசிரியரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் அதைக் கொடுக்காதீர்கள்; அத்தனை பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அவருக்கு ஒரே ஒரு தாள், உங்கள் கையெழுத்தில், தமிழில். அதில் இப்படி எழுதுங்கள்: திடீரென்று எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வேண்டுமானால் எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரும்பலகையில் இருப்பதை முழுக்க எழுதி முடிக்காவிட்டால் பக்கத்துப் பையன் நோட்டை வாங்கி எழுத அனுமதியுங்கள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள். முன் வரிசையில் இடம் கொடுங்கள். இவ்வளவு போதும். இதில் எதற்கும் பள்ளிக்குப் பைசா செலவில்லை என்பதால் மறுப்பதும் கஷ்டம். கடைசியில் அவனுக்கு எது நன்றாக வரும் என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள்.

சரி, எந்தப் பள்ளி? கணவரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு மொழியிலேயே திணறும் பிள்ளைக்கு ஆறாவதில் மூன்றாவது மொழி எதற்கு? சி.பி.எஸ்.இ.யில் அது பெரும்பாலும் இந்தியாக இருக்கும். அதாவது இன்னொரு புது எழுத்து. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆனால் விலக்கு கேட்டு வருஷாவருஷம் நிற்கப்போவது நீங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழும் ஆங்கிலமும்தான். பத்தாவதில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. என் ஓட்டு இதற்குத்தான்.

அரசுப் பள்ளியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடாதீர்கள். பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகமான வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் வந்து போவார்கள், தினமும் அல்ல. உங்கள் பகுதிக்கு யார், எந்தக் கிழமை வருகிறார் என்று அந்த மையத்திலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

தனியார் பள்ளியானால் தலைமை ஆசிரியரிடம் ஒரே கேள்வி போதும்: "ஆள் வைத்துப் பத்தாவது எழுதிய பிள்ளை இங்கே யாராவது உண்டா?" உண்டென்றால் வழி தெரிந்த பள்ளி. "எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சிரித்த முகமும் ஏ.சி. அறையும் இதில் கணக்கே இல்லை.

இன்னொரு வேலை, தள்ளிப்போடக்கூடாதது. தனியார் மையத்தில் வாங்கிய ரிப்போர்ட் பள்ளியில் பேசப் போதும். பத்தாவது சலுகைக்கு அரசு மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். எட்டு வயதுக்கு மேல் அதை வாங்கலாம். ஒன்பதாவது வரை காத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் அலையும் பெற்றோர் நிறையப் பேர். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் என்றைக்குப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து, இந்தக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். 'நான் மக்கு, அதனால் துரத்திவிட்டார்கள்' என்று அவன் முடிவுகட்டியிருக்கலாம். டிஸ்லெக்சியா என்ற பேரைச் சொல்லியே விளக்குங்கள்: புத்தியில் குறையில்லை, எழுத்தைப் பிடிக்க அதிக நேரம் ஆகிறது, அதற்குப் பயிற்சி உண்டு. இரண்டு பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். அவனுக்குப் பிடிக்காத பள்ளியை, உங்களுக்கு எவ்வளவு பிடித்தாலும், இரண்டாவதாக வையுங்கள்.

கேள்வி: மகளை வேறு பள்ளிக்கு மாற்றுகிறோம். அவளுக்கும் கற்றல் குறைபாடு. பீஸ் பாக்கியைக் காட்டி டி.சி. தர மறுக்கிறார்கள். அது இல்லாமல் சேர்க்க முடியுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: எட்டாவது வரை டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டி அரசு, உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாக்கியை அவர்கள் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்; தரவில்லையென்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். மகளின் எமிஸ் எண்ணையும் (கல்வித்துறையின் கணினிப் பதிவில் அவளுக்குரிய எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அதை விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பதிவில் அவளைச் சேர்க்க முடியும்.