200 மைலுக்கு அப்பால்: கேட்டதும் சொன்னதும்

நாகையில் முப்பது வருடம் விசைப்படகில் போய்வந்துவிட்டு, இப்போது மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். ஐ.நா.வின் ஆழ்கடல் ஒப்பந்தம், மற்ற மீன்பிடி விதிகள் பற்றி நம் ஆட்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்த பதிலும்.

அக்கரைப்பேட்டையிலிருந்து: அண்ணே, ஐ.நா. ஒப்பந்தத்தால் நம்ம படகு கரையிலேயே கிடக்குமா?

கிடக்காது தம்பி. நமக்கு ஐம்பது பாகம் (ஆழத்தை அளக்கும் நம் கணக்கு) தாண்டினாலே ஆழ்கடல்தான். ஒப்பந்தம் சொல்லும் ஆழ்கடல் வேறு. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல் அது. உலகக் கடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அங்கே போகிறேன் என்று நாகையிலிருந்து நேர்கிழக்கே பிடித்தால் இலங்கை எல்லைக்குள் நிற்பாய். 1976-ல் போட்ட இந்திய-இலங்கை கடல் எல்லைக் கோடு வடகிழக்காக ஏறுகிறது.

ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. 2024 செப்டம்பரில் இந்தியா கையெழுத்திட்டது. 60 நாடுகள் உறுதிசெய்தபின் 2026 ஜனவரி 17-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுக்கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அறிவிக்கலாம், புதிய வேலைகளுக்கு முன்கூட்டியே பாதிப்பை ஆராயச் சொல்லலாம். யார் எத்தனை டன் பிடிப்பது என்பதில் அது தலையிடுவதில்லை.

திருவாரூர் கல்லூரி மாணவி: அப்போ பிடிப்பை முடிவு செய்வது யார் சார்?

சூரை மீனுக்கு (டூனா), இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். 1996-ல் செயலுக்கு வந்தது, தலைமையிடம் சீஷெல்ஸ், இந்தியாவும் உறுப்பினர். மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிபடுகிறது என்று 2015-லேயே தெரிந்து, அடுத்த வருடம் குறைக்கத் திட்டம் போட்டார்கள். 2024 மதிப்பீட்டில் அந்த மீன் தேறியிருந்தது. ஆனால் ஓட்டையும் உண்டு: தனக்கு ஒப்பாத தீர்மானத்துக்கு ஆட்சேபம் எழுதிக்கொடுத்து ஒரு நாடு ஒதுங்கிக்கொள்ளலாம். மஞ்சள் துடுப்பு பற்றிய 2021 தீர்மானத்தில் நம் நாடே அதைச் செய்தது. பிடிக்கும் அளவைக் குறைக்கச் சொன்னது நம்மைப் போன்ற கரையோர நாட்டைத்தான் அதிகம் உறுத்தியது, அதனால் எனக்குக் கோபமில்லை.

தரங்கம்பாடியிலிருந்து: பிடிப்பை எழுதித் தா என்று நச்சரிக்கிறார்கள். வரி போடத்தானே?

வரிக்கில்லை. இதைச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்ததே. சூரை ஆணையத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் ஐரோப்பியக் கப்பல்காரர்கள், 'இத்தனை வருடம் இத்தனை டன் பிடித்தோம், எங்கள் பங்கு அதுதான்' என்று பிடிப்பு எழுதிய ஏட்டை நீட்டுகிறார்கள். கரையோர நாடுகளோ, எங்கள் 200 மைலுக்குள் பிடித்தது எங்கள் கணக்கில் வர வேண்டும் என்கின்றன. இரண்டுக்கும் ஏடு வேண்டும்.

நம் ஏட்டைப் பாருங்கள். போன மாசியில் ஒரு படகின் நோட்டு என் மேசைக்கு வந்தது. ஐஸ் தண்ணீர் பட்டு மை பரவிக் கிடந்தது. 'சூரை 40 பெட்டி' என்று ஒரே வரி. எலிச்சூரையா, வரிச்சூரையா, மஞ்சள் துடுப்பா? எந்த இடம், எத்தனை பாகம், வலையா ஆயிரங்கால் தூண்டிலா? டிரைவரைக் கேட்டால், 'எல்லாம் சூரைதானே அண்ணே' என்கிறான். ஏலத்தில் அவனுக்கே மூன்று விலை போட்டார்கள்! எழுதாத மீன் சீஷெல்ஸ் மேசையில் பிடிக்காத மீன்தான். வகையும் இடமும் எழுதுங்கள்.

பூம்புகாரிலிருந்து: டீசல் மானியம் போயிடுமா?

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். திருட்டு மீன்பிடிக்கும், அளவுக்கு மீறிப் பிடித்துக் குறைந்துபோன மீனைப் பிடிப்பதற்கும், கட்டுப்பாடே இல்லாத பொதுக்கடல் மீன்பிடிக்கும் மானியம் கூடாது என்கிறது. நம் டீசலைத் தொடக்கூடிய அடுத்த பகுதி இன்னும் பேச்சில் இழுபறி. இந்தியா 25 வருட அவகாசம் கேட்டது.

கோடியக்கரையிலிருந்து: வலை நீளத்துக்கு வரம்பு உண்டாமே அய்யா?

உண்டு. மிக நீளமான மிதவைச் செவுள் வலையைப் பொதுக்கடலில் 1992 முடிவோடு நிறுத்த ஐ.நா. சொன்னது. டால்பினும் ஆமையும் மாட்டியதுதான் காரணம். சூரை ஆணையம் 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வலைக்கான தடையை 2022 முதல் தன் பகுதி முழுவதற்கும் விரித்துவிட்டது. 50 மீட்டர் வலைத்துண்டு என்றால் 50 துண்டோடு சரி. உங்கள் படகில் எத்தனை துண்டு கட்டுகிறீர்கள் அய்யா?