வெள்ளி ஃபோம் கட்டை தினமும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை நோயாளி. வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே புண் வந்து இரண்டு மாதமாகிறது. வீட்டுக்கு வந்து கட்டுப் போடுபவர், வெள்ளி கலந்த ஃபோம் (பஞ்சு போன்ற மெத்தென்ற) கட்டுதான் கிருமியைக் கொல்லும் என்று சொல்லி ஒரு மாதமாகத் தினமும் புதிதாகப் போடுகிறார். ஒன்று 800 ரூபாய். சீழ், நாற்றம் இல்லை, புண்ணும் மூடவில்லை. தொடரலாமா?

பதில்: இப்படியே தொடர வேண்டாம். புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொள்வதும் அதைக் காயவிடாமல் காப்பதும்தான் ஃபோமின் வேலை. அதிலுள்ள வெள்ளி, ஈரம் பட்டதும் கரைந்து கிருமியைக் கொல்கிறது. கிருமி பெருகிய புண்ணுக்கு இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, பிறகும் தேவையா என்று முடிவு செய்வதே வழக்கம். சீழும் நாற்றமும் இல்லாத புண்ணில் வெள்ளிக்கு என்ன வேலை? சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிநாசினிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்றே சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது.

நாளை கட்டைப் பிரிக்கும்போது அருகில் இருந்து பாருங்கள். ஈரக்கறை நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் இருந்து, சுற்றிலும் ஃபோம் காய்ந்து கிடந்தால், இன்னும் சில நாள் உழைக்க வேண்டிய கட்டைக் குப்பையில் போடுகிறீர்கள். கறை ஓரத்தை நெருங்கும்போது மாற்றினால் போதும். நீர் குறைவான புண்ணில் பல ஃபோம் கட்டுகளை ஏழு நாள் வரை விடலாம்; அட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

அந்த அட்டைதான் உங்கள் கண்ணில் படுவதில்லை. கட்டுப் போடுபவரே கட்டை விற்பவராகவும் இருக்கும் இடத்தில் புண் ஆறுவதற்கு அவசரம் யாருக்கு? ரசீதோடு நீங்களே வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வேறு வீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டி 'அழுக்கு வெளியேறுகிறது' என்பார்கள். அழுக்கல்ல, புதிதாக வளரும் சதைதான் அதில் பாதிக்கப்படுகிறது, ஃபோமும் கெடுகிறது. கழுவுவதற்கு சலைன் போதும்.

புண் ஏன் மூடவில்லை? அப்பா அதன் மேலேயே நடக்கிறார் என்பதுதான் என் முதல் சந்தேகம். மரத்துப்போன காலில் வலி தெரியாது. ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்குகிறது. ஓரத்தில் தடித்த காய்ப்பு இருந்தால் அதுவே சாட்சி. அதை மருத்துவர் சீவி எடுக்க வேண்டும், அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்ய வேண்டும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், இதேபோல் மரத்துப்போன தொழுநோயாளிகளின் பாதங்களில் வந்த புண்களை 1950களிலேயே, புண்ணில் பாரம் விழாமல் காக்கும் மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். நம் மண்ணில் நடந்த வேலை இது. இன்றும் பல மருத்துவமனைகளில் சர்க்கரைப் புண்ணுக்கு அந்த மாவுக்கட்டைப் போட ஆள் இல்லை. காலை எடுக்கும் அறுவைக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்கிறது. காலைக் காக்கும் எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்புக்குப் பெரும்பாலும் சொந்தக் காசுதான் செலவாகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புண்ணோ விரலோ கறுத்து, காய்ந்து, மரக்கட்டை போல் இருந்தால் ஃபோமும் வேண்டாம், ஈரமான எந்தக் கட்டும் வேண்டாம். ரத்த ஓட்டம் இல்லாத இடம் அது. காய்ந்திருக்கும் வரை ஓரளவு அடங்கி நிற்கும். ஈரமானால் அழுகல் மேலே ஏறும். ஊற வைத்து உரித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். சுத்தமான உலர்ந்த காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு, ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் உடனே போங்கள். கறுக்காத புண்ணானாலும், மாவுக்கட்டுக்கு முன் பாத நாடியையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இதுவரை பார்த்திருக்கிறார்களா?

இந்த வாரமே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரத்த ஓட்டம் போதுமா, எலும்பு வரை புண் இறங்கியிருக்கிறதா, பாரத்தை எப்படிக் குறைப்பது? அதுவரை அப்பா அந்தக் காலை ஊன்ற வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இடையில் காய்ச்சலோ நாற்றமோ வந்தால், அல்லது புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவினால், கட்டு மாற்றுபவருக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.