ஊரில் இருக்கிற குடும்பத்துக்குக் குறைந்த செலவில் எந்தக் கொம்பியூட்டர்?

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடற்கரைப் பக்கம் வீடு, ஓ/எல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், அடிக்கடி கரண்ட் போகும், கையில் காசு குறைவு. இதுதான் உங்கள் கேள்வி.

மலிவு விலைப் புது லப்டொப்பை முதலில் விடுங்கோ. செலரோன் (வேகம் குறைந்த புரொசசர்), 4 ஜிபி ராம் (வேலை நேர நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு என்று போட்டிருக்கும். அந்த 64ஐ விண்டோஸும் அப்டேட்டுமே பெரும்பாலும் பிடித்துவிடும். ராம், சேமிப்பு இரண்டும் பலதில் போர்டோடு பற்றவைத்தே வரும், பிறகு கூட்டவும் ஏலாது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மினி வகைகள் (சின்னப் பெட்டி மாதிரியான மேசைக் கொம்பியூட்டர்கள்) யாழ்ப்பாண ரவுணில் கிடைக்கும். புரொசசர் ஐ5-8500 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 8தான் தலைமுறை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11 முறையாக ஓடும். 6, 7 என்றால் கடையில் எப்படியோ 11ஐப் போட்டுத் தருவார்கள். மைக்ரோசொஃப்ட் அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. அதனால் 6, 7ஐ விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் எடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்கோ. பள்ளிக்கூட வேலைக்கு அது தாராளம்.

8 ஜிபி ராம் வேண்டும். ஒரே துண்டாக இருந்தால் மற்ற இடம் பிறகு கூட்ட உதவும் (மினிக்கு லப்டொப் ராம்தான் பொருந்தும்). பழைய ஹாட் டிஸ்க்கை நம்பாமல் புது 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவியுங்கோ. மெஷின் வேகமாகிறதே அதில்தான். ஆட்கள் ஏமாறுகிற இடம் வேறு: இந்த மெஷின்கள் பலதில் வைஃபை இல்லை, எச்டிஎம்ஐயும் இல்லை, டிஸ்பிளே போர்ட்தான். வீட்டு ரீவியில் மாட்டுகிற எண்ணம் இருந்தால் அதற்கான வயரையும், ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிளையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கோ.

மினியும் 20 அங்குல மொனிற்றரும் சாதாரண வேலையில் ஏறக்குறைய 35 முதல் 60 வாட் வரைதான் இழுக்கும். 650 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) போதும். பற்றரி புதிதாக இருக்கும்வரை 15 நிமிடமாவது தாங்கும், வேலையைச் சேமித்து நிறுத்த அது காணும். யூபிஎஸ்ஸை வெறுமையாகிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் பற்றரி செத்துவிடும். கொம்பியூட்டர் பெட்டியைத் தொட மெல்லக் கரண்ட் அடித்தால் பெரும்பாலும் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை, முதலில் வயர்மனைக் கூப்பிடுங்கோ. ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் பிளக்கை மட்டும் கழற்றிப் பிரயோசனமில்லை. ரவுட்டருக்கு வருகிற ரெலிபோன் வயரையும் கழற்ற வேணும்.

கடற்காற்றில் ஒரு நாள் திரை கறுப்பாக நின்று பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ராம்தான். கரண்டைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் மஞ்சள் பற்களைப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும்வரை அமத்துங்கோ (மினியில் சரித்துச் செருகிக் கீழே அமத்த வேணும்). திகதி பின்னுக்குப் போய், எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று சொன்னால் உள்ளிருக்கிற, காசு மாதிரி வட்டமான 2032 பற்றரி முடிந்துவிட்டது. மாற்றச் சில நிமிடமே.

டேட்டா தீராமல் இருக்க, விண்டோஸில் உங்கள் வைஃபையை ‘மீற்றர்ட்’ (டேட்டாவை அளந்து செலவழிக்கிற இணைப்பு) என்று வையுங்கோ. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் ஒரு தரம் இறக்கி எஸ்எஸ்டியில் வைத்தால், பிள்ளைகள் கனெக்சன் இல்லாமலே படிக்கலாம்.