ரிசால்வ்.கான்ஃப் கோப்பை மாற்றுவது யார்? கேள்வி பதில்

கேள்வி: இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் எது என்று கணினிக்குச் சொல்வது ரிசால்வ்.கான்ஃப் கோப்பு. என் உபுண்டு 22.04 (லினக்ஸ்) கணினியில், அந்தக் கோப்பில் நான் எழுதிய 1.1.1.1 என்ற சர்வர் முகவரி மறைந்து, 127.0.0.53 வந்திருக்கிறது. யாரேனும் ஊடுருவிவிட்டார்களா?

பதில்: இல்லை. 127 என்று தொடங்கும் முகவரி உங்கள் கணினியையே குறிக்கும். சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்னும் சேவை அங்கே வினாக்களை வாங்கி உண்மையான சர்வருக்கு அனுப்புகிறது. அது எந்தச் சர்வர் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகக் காட்டும். கோப்பை 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பாருங்கள். வரியின் கடைசியில் ஓர் அம்புக்குறியும், 'ரன்' அடைவுக்குள் உள்ள ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் என்ற பெயரும் தெரியும். அதாவது, உங்கள் கோப்பு அந்தக் கோப்பைக் காட்டும் சுட்டி மட்டுமே. அந்த அடைவு நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், நீங்கள் எழுதியது மறுதொடக்கத்தில் அழிந்துவிட்டது. எந்தக் கோப்பையும் திருத்துமுன், அதை எழுதுவது யார் என்று பாருங்கள்.

கேள்வி: பிணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் 9.9.9.9 என்ற டிஎன்எஸ் சர்வரைக் கொடுத்தும் ரவுட்டரின் முகவரி கூடவே வருகிறது.

பதில்: டிஎச்சிபி (ரவுட்டர் கணினிக்கு அமைப்புகளைத் தானாகக் கொடுக்கும் முறை) தரும் முகவரிகளுடன் உங்களுடையது சேர்க்கப்படுகிறதே தவிர, அவற்றை நீக்குவதில்லை. தானாக வரும் டிஎன்எஸ் முகவரிகளைப் புறக்கணிக்கும் 'இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ்' அமைப்பை ஐபிவி4, ஐபிவி6 (இருவகை இணைய முகவரிகள்) இரண்டிலும் 'எஸ்' (ஆம்) ஆக்கி, இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். பலர் ஐபிவி6-ஐ மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? சுட்டியை அழித்து, புதுக் கோப்பு எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி 'சாட்டர் +ஐ' கட்டளை போட்டுப் பூட்டினால் போதுமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் விபிஎன் இணைந்தும் அலுவலக உள்பெயர்கள் ஒன்றும் திறக்காமல் அரை நாள் தேடினோம். கடைசியில் கோப்பின் பண்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஆட்டர்' கட்டளையைக் கொடுத்தபோது, அந்த ஒற்றை 'ஐ' எழுத்து கோப்பின் பெயருக்கு முன்னால் நின்றது. கோப்பு பூட்டப்பட்டிருந்ததால் விபிஎன் தன் டிஎன்எஸ் சர்வரை அதில் எழுத முடியவில்லை. ஒரு வருடத்துக்கு முன் தாமே பூட்டியதை அவர் மறந்திருந்தார்.

கேள்வி: மடிக்கணினிக்குச் சரி. இடம் மாறாத சர்வரில் பூட்டினால் என்ன தவறு?

பதில்: அங்கே கோப்பை எழுதும் சேவை எதுவும் இல்லையென்றால் பூட்டே தேவையில்லை, இருந்தால் அந்தச் சேவையிடம் சொல்வதே முறை. டிஎச்சிபி அமைப்புகளை வாங்கும் டிஎச்கிளையன்ட் எழுதுகிறது என்றால், வந்த டிஎன்எஸ் முகவரிகளுக்குப் பதில் உங்களுடையதை வைக்கும் 'சூப்பர்சீட் டொமைன்-நேம்-சர்வர்ஸ்' என்ற ஒரு வரி அதன் அமைப்புக் கோப்பில் போதும். உங்களுக்குப் பின் அந்தச் சர்வரைப் பார்ப்பவர் அந்த வரியைப் படிக்க முடியும். பூட்டு அவர் கண்ணில் படாது.

கேள்வி: நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கருக்குள் 127.0.0.11 தெரிகிறது.

பதில்: நீங்களே உருவாக்கிய நெட்வொர்க்குகளில் டாக்கர் தரும் சொந்த டிஎன்எஸ் அது.

கேள்வி: என் கணினியிலும் 127.0.0.53. வைரஸா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரவுட்டரிலேயே நான் கொடுக்காத வெளி டிஎன்எஸ் முகவரி இருக்கிறது.

பதில்: இன்று வந்தவற்றில் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய கேள்வி இதுதான். முதலில் அது உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் முகவரியா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2011-இல் எஃப்பிஐ முடக்கிய டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல், 40 லட்சம் கணினிகளைத் தன் சர்வர்களுக்குத் திருப்பியிருந்தது. மாற்றப்படாத கடவுச்சொல் கொண்ட ரவுட்டர்களையும் அது விட்டுவைக்கவில்லை.