கடலோரத்தில் நாலு நாள்: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். குடும்பமாக இதுவரை எங்கேயும் போய்த் தங்கியதில்லை. வரும் விடுமுறையில் நல்ல கடலோர ஊர் ஒன்றில் நாலு இரவு தங்கலாம் என்று ஆசை. கையில் இருப்பது ஐந்து மாதச் செலவுக்கான அவசரச் சேமிப்பு மட்டும்தான். அதிலிருந்து எடுக்கலாமா, இல்லை கிரெடிட் கார்டில் போட்டுவிட்டுத் தவணையில் கட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், ஆனால் கண்டிப்பாகப் போய் வாருங்கள். பிள்ளைகள் நம்மோடு வரப் பிரியப்படும் வயது கொஞ்ச வருடம்தான், அதனால் பயணத்தையே விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. தேதியை மட்டும் தள்ளிவையுங்கள்.

மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டு கடனுக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், 12 சமத் தவணையில் அடைக்க மாதம் 10-க்குச் சற்று மேல் கட்ட வேண்டும், மொத்தம் 120-ஐத் தாண்டிவிடும். அதே 10-ஐ இந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவந்தால் பத்து மாதத்தில் 100 கையில் நிற்கும். மாதாமாதம் உங்கள் பையிலிருந்து போவது கிட்டத்தட்ட ஒரே தொகை, ஆனால் ஒரு வழியில் 20 வட்டியாகவே போய்விடுகிறது. போதாததற்கு, கார்டில் பாக்கி நின்றால் பல கார்டுகளில் அடுத்து வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அவசரச் சேமிப்பை எடுத்தால் வட்டி இல்லைதான், சரி. ஆனால் திரும்பி வந்த மாதமே வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அப்போது வெளியில் கை நீட்ட வேண்டிவரும், அந்தக் கடன் உண்மையில் இந்தப் பயணத்துக்கு வாங்கிய கடன்தான்.

பத்து மாதம் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கடலோர ஊர்களில் ஒரே அறைக்கு சீசனில் ஒரு விலை, அது முடிந்த வாரத்தில் வேறு விலை. பிள்ளைகளின் பள்ளி இடம் கொடுத்தால் சீசனின் ஓரத்தில், ஞாயிறு போய் வியாழன் திரும்புகிற மாதிரி பாருங்கள். அதற்காக விலை அடிமட்டத்துக்கு இறங்கும் மாதத்துக்கும் போய்விடாதீர்கள், கடல் கொந்தளித்து, படகு ஓடாமல், குளிக்கவும் விடாமல் இருப்பதால்தான் அப்போது மலிவு.

அறை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பதிவு செய்துவிடுவார்கள். காலையில் கடலுக்குப் போக ஒரு வண்டி. பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் தலையெல்லாம் மணலும் ஈரத் துணியுமாக நடுங்கிக்கொண்டு நிற்கும், அறைக்குத் திரும்ப ஒரு வண்டி. மாலையில் மறுபடி போக, வர. ஒரு நாளைக்கு நாலு சவாரி, நாலு நாளைக்குப் பதினாறு! அந்தக் கூலியையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். கடலைப் பார்த்த அறைக்கும் ஆசைப்பட வேண்டாம், அதற்குப் பின்னால் இரண்டாவது தெருவில், நடந்தே போகிற தூரத்தில், ஒரு சின்ன அடுப்பும் இருக்கிற அறையாகக் கிடைத்தால் அதுதான் உங்களுக்குச் சரி. காலைச் சாப்பாட்டை நீங்களே செய்துகொண்டால் ஒரு வேளை ஹோட்டல் செலவு தினமும் மிச்சம்.

இரவுகளைக் குறைத்தால் செலவு பாதியாகும் என்றும் நினைக்காதீர்கள். போக வர 40, ஒரு இரவுக்கு எல்லாம் சேர்த்து 15 என்றால் நாலு இரவுக்கு 100, இரண்டு இரவுக்கு 70. இரவு கணக்கில் பார்த்தால் 25 எங்கே, 35 எங்கே! அதனால் பணம் பத்தவில்லை என்றால் பக்கத்துக் கடற்கரையாகப் பாருங்கள், நாட்களில் கை வைக்காதீர்கள்.

முன்பதிவு செய்யும்போது கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக எடுங்கள், பிள்ளைகளுக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று யாருக்குத் தெரியும். படகுச் சவாரிக்கு மட்டும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் காற்றையும் அலையையும் விசாரித்துவிட்டு முதல் நாளோ இரண்டாம் நாளோ அதை முடித்துவிடுங்கள். அன்றைக்குப் படகு விடவில்லை என்றாலும் அடுத்த நாள் கையில் இருக்கும்.