பழைய கம்பைலர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

வணக்கம் சார்,

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சன் அல்ட்ரா 5 கம்ப்யூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி 12 என்ற இயங்குதளத்தை ஓட்டுகிறேன். 13-இல் அதன் ஸ்பார்க்64 வகை ப்ராசசருக்கு ஆதரவே இல்லை. ஜிசிசி 4.2.1 என்ற பழைய கம்பைலரை (எழுதிய சோர்ஸை கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் புரோகிராம்) எடுத்ததுதான் காரணம் என்கிறார்கள். அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்திருக்கலாமே? யாருக்கு என்ன நஷ்டம்?

- ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மூலையில் கிடந்தால் நஷ்டமில்லைதான். ஆனால் கம்பைலர் அப்படிக் கிடப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் சோர்ஸில் அது இருக்கும்வரை, கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) யார் எதை எழுதினாலும் அதற்கும் புரிகிற மாதிரி எழுதியாக வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சி மொழியின் 2011 தரமான சி11-இல் ஸ்டேட்டிக் அசெர்ட் என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்ட்ரக்சரின் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) அளவு சரியா என்று கம்பைல் ஆகும்போதே சோதித்துவிடலாம். 4.2.1-க்கு அது தெரியாது. அதற்காக எல்லாரும் பயன்படுத்தும் ஹெட்டர் கோப்பில் ஒரு மேக்ரோ (குறுக்குவழிக் குறியீடு) வைத்திருந்தார்கள்: நிபந்தனை பொய்த்தால் மைனஸ் ஒன்று அளவில் ஓர் அரேயை (தரவு வரிசை) அறிவித்து, கம்பைலரை வேண்டுமென்றே திணறடிப்பது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 'அரேயின் அளவு நெகட்டிவ்' என்று பிழை வரும். நீங்கள் எழுதிய இடத்தில் அரேயே இருக்காது! இப்படி எத்தனை ஒட்டுவேலைகளைக் கட்டிக் காப்பது?

புது ஜிசிசிக்கு மாறியிருக்கலாமே என்பீர்கள். லைசென்ஸ் விடவில்லை. 2007-இல் வந்த 4.2.1-தான் ஜிபிஎல் 2 என்ற லைசென்ஸின் கீழ் வந்த கடைசி ஜிசிசி. அடுத்தவை ஜிபிஎல் 3; அது அடிப்படை சிஸ்டத்துக்குள் வேண்டாம் என்பது ஃப்ரீபிஎஸ்டிகாரர்களின் முடிவு. ஆகவே கிளாங் என்ற வேறு கம்பைலர். 2014-இல் ஃப்ரீபிஎஸ்டி 10.0 வந்தபோதே, சாதாரண பிசிக்களின் எக்ஸ்86 ப்ராசசர்களில் அதுதான் இயல்பு கம்பைலர். ஜிசிசியை முழுக்க எடுத்தது 2020 பிப்ரவரியில். இதை அவசரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களின் தொகுப்பான போர்ட்ஸில் புது ஜிசிசி இன்றும் இருக்கிறது.

உங்கள் ஸ்பார்க்64 போனது வருத்தம்தான். அதை வேறு கம்பைலருக்கு மாற்றும் வேலையை எடுத்து முடிக்க ஆள் வரவில்லை. பராமரிக்க ஆளில்லாத ஒரு ப்ராசசர் வகைக்காக மற்ற எல்லாரும் 2007-லேயே நிற்க முடியாது.

ஃப்ரீபிஎஸ்டி 12-க்கான ஆதரவு 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள்; ஸ்பார்க்64 அங்கே உயிரோடு இருக்கிறது, ஜிபிஎல் 3 ஜிசிசியையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம், அல்ட்ரா 5-இன் என்விரேம் சிப்பை (கரண்ட் இல்லாதபோதும் அமைப்புகளை நினைவில் வைப்பது) கவனியுங்கள். பேட்டரி அதற்குள்ளேயே இருக்கிறது. தீர்ந்தால், நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணான மேக் அட்ரஸும் போய்விடும். சாக்கெட்டில்தான் செருகியிருக்கும், கழற்றி மாற்றலாம்.