நுகர்வோர் கேள்வி–பதில்: டிரெஸ்ஸாஜ் சேணம் வாங்கும் முன்

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒன்பது வயது தரோபிரெட் குதிரை ஒன்றை வளர்க்கிறேன். உயரம் 16 கை (ஒரு கை நான்கு அங்குலம்). இதுவரை எல்லாவற்றுக்கும் பொதுவான சேணம் ஒன்றில்தான் ஏறிவந்தேன். இப்போது டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை நுட்பமான நடைகளில் கட்டுப்பாட்டோடு நடத்தும் பயிற்சி, தொடங்கியிருக்கிறேன். ஒருவர் தாம் பயன்படுத்திய ஜெர்மன் சேணத்தை 90,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இருக்கை 17.5 அங்குலம், அகலம் ‘மீடியம் வைட்’. என் குதிரைக்குச் சற்று அகலமாகத் தெரிகிறது. தடித்த ஜெல் பேட் ஒன்றை அடியில் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பேட் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவரே சொல்கிறார் என்றால், அந்தச் சேணம் உங்கள் குதிரைக்குப் பொருந்தவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். பெரிய செருப்புக்குள் துணியைத் திணித்துக்கொண்டு நடந்தால் கால் உள்ளே வழுக்குவதைப் போல, அகலமான சேணம் தடித்த பேடின் மேல் இரு பக்கமும் உருளும். இறுக்கமான சேணமாக இருந்தால் பேட் அதை மேலும் இறுக்கும். பேடால் ஒரு சிறு குறையை ஒரு பருவத்துக்குச் சமாளிக்கலாம்; தவறான அளவை மாற்ற முடியாது.

உங்கள் குதிரையின் முந்தைய வாழ்க்கையையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிடரி முடியும் இடத்தில் மேடாகத் தெரிகிறதே, குதிரைக்காரர்கள் ‘விதர்’ என்று சொல்லும் பகுதி, அது தரோபிரெட் இனத்தில் பொதுவாக உயர்ந்தும் நீண்டும் இருக்கும். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் பலவற்றில் அதன் இரு பக்கமும், தோள்பட்டைக்குப் பின்னால், தசை வற்றிக் குழிந்திருப்பதையும் காணலாம். முறையான டிரெஸ்ஸாஜ் பயிற்சியில் குதிரை முதுகைத் தூக்கி நடக்கப் பழகும்போது அந்தக் குழிகள் நிரம்பும். இன்று அளவெடுத்து வாங்கிய சேணம் ஓர் ஆண்டில் இறுகிவிடலாம். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு, முன்பக்க இரும்பு வளைவை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சேணமே என் முதல் பரிந்துரை. வின்டெக், பேட்ஸ், தோரோகுட் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சேணங்களைச் செய்கின்றன. நாற்பது ஆண்டு தாங்கும் தோலைவிட, சில திருகாணிகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய வளைவு இப்போது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

எதை வாங்கினாலும் முதலில் குதிரையை அளந்துகொள்ளுங்கள். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தடித்த சர்வீஸ் வயர், வளைத்த வடிவிலேயே நிற்கும்படியானதாக, இரண்டடி இருந்தால் போதும். சமதளத்தில் நான்கு கால்களும் நேராக ஊன்றி, தலையைத் தாழ்த்தாமல் குதிரை நிற்கும்போது, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயரை முதுகின் குறுக்கே அழுத்தி வளைத்து, அப்படியே எடுத்துக் கெட்டியான அட்டையில் வைத்துக் கோடு போடுங்கள். இதே போல முதுகின் நடுப்பகுதியில் ஒன்று, கடைசி விலா எலும்புக்கு நேரே ஒன்று, பிறகு விதரிலிருந்து பின்னோக்கி நீளவாக்கில் ஒன்று. ஒவ்வோர் அட்டையிலும் இடது வலது எது என்பதையும் தேதியையும் குறித்துவையுங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றொன்றைவிடப் பெரிதாக இருப்பது அட்டையில் பளிச்சென்று தெரியும். பெரிய தோளுக்கு இடம்விட்டுச் சேணத்தைத் தேர்ந்து, சிறிய பக்கத்தை நிரப்பிக்கொள்வதுதான் முறை.

பிறகு சேணத்தை, அடியில் எதுவும் போடாமல், வெறும் முதுகில் வையுங்கள். சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால் அது தானாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே அதன் இடம். அங்கே சேணத்தின் முன்முனைகள் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏனெனில் முன்கால் முன்னே நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழல்கிறது. விதருக்கும் சேண வளைவுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் இடைவெளி மேலே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். அடிப்பகுதியின் நடுவே ஓடும் பள்ளம் முதுகெலும்பை எங்கும் தொடாத அகலத்தில், முன்னிருந்து பின் வரை, மூன்று நான்கு விரல் நுழையும்படி இருக்க வேண்டும். சேணத்தின் அழுத்தம் பின்பக்கம் 18-ஆவது மார்பு முள்ளெலும்பைத் தாண்டக் கூடாது. கடைசி விலா எலும்பைத் தடவிக்கொண்டே மேலே போனால் அது முதுகெலும்பைச் சேரும் இடமே அது. அதற்குப் பின்னால் முதுகைத் தாங்க விலா எலும்பு இல்லை.

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பேனல் எனப்படும் சேணத்தின் அடிமெத்தைக்குக் கீழே முன்னிருந்து பின்னாகச் செலுத்திப் பாருங்கள். முன்னும் பின்னும் அழுத்தமாக இருந்து நடுவில் கை தளர்ந்தால், சேணம் பாலம் போல இரண்டு முனைகளில் மட்டும் நிற்கிறது. உங்கள் எடை முழுவதும் நான்கு சிறு இடங்களில் விழும். மாறாக, நடுவில் மட்டும் ஊன்றிச் ஆடும் நாற்காலி போல ஆடினால் சேணத்தின் வளைவு முதுகின் வளைவைவிட அதிகம். இரண்டும் வேண்டாம்.

‘மீடியம் வைட்’ என்ற சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்துக்கு வைட். முன்பக்க வளையங்களுக்கு இடையே டேப் வைத்து அளந்து சொல்லும் அளவும் ஏமாற்றக்கூடியது. ட்ரீ எனப்படும் உள்சட்டத்தின் கோணம் குதிரையின் தோள் சரிவுக்கு இணையாக இருக்கிறதா என்பதை அந்த அளவு சொல்லாது. அகலமான சேணம் முன்னால் இறங்கி விதரில் உட்காரும். ஏறியவர் முன்னோக்கிச் சரிவார். குறுகலான சேணம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏறியவர் பின்னால் வழுக்குவார். இந்த இரண்டாவது வகையைப் பார்த்துவிட்டு, ‘ஐந்து விரல் இடைவெளி இருக்கிறது, நல்ல சேணம்’ என்று மகிழ்ந்து வாங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சேணத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியில் பென்சில் ஒன்றைக் குறுக்காக வைத்தால், அது இருக்கையின் நடுவே நிற்க வேண்டும். முன்னோ பின்னோ உருண்டால் சமநிலை இல்லை.

இவ்வளவும் சரி என்றால் மட்டுமே ஏறுங்கள். டிரெஸ்ஸாஜ் சேணத்தின் வார்கள் நீளமானவை. உங்கள் தொடைக்கடியில் பக்கிள் உறுத்தாமலிருக்க, அவை கீழே குறுகிய வயிற்றுவாரில் பூட்டப்படுகின்றன. உங்களிடம் உள்ள நீண்ட வயிற்றுவார் இதற்கு உதவாது. 24 முதல் 30 அங்குலத்துக்குள் புதிதாக ஒன்று வாங்க வேண்டிவரும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமும் வலமுமாகச் சுற்றி நடை, ட்ராட் எனும் துள்ளோட்டம், கேன்டர் எனும் மிதமான பாய்ச்சல் எல்லாம் செய்துவிட்டு இறங்கியதும் வியர்வைத் தடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் குதிரையே முழுக்க நனைந்துவிடும். ஆகவே விடியற்காலையில், பதினைந்து நிமிடத்தில் இறங்கிப் பாருங்கள். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கையளவு காய்ந்த இடம் தெரிந்தால், அங்கே அழுத்தம் மிக அதிகம் அல்லது சேணம் அங்கே தொடவே இல்லை. இரண்டில் எது என்பதை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும். அழுத்தத்தில் குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ, அடுத்த நாள் வீக்கம் தெரிந்தாலோ, விற்பவரிடம் பேசுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

இனி உங்கள் பங்கு. 17.5 என்பது இருக்கையின் முன்பக்கப் பொத்தானிலிருந்து பின்மேட்டின் நடு வரை உள்ள அங்குலம். உங்கள் உடல் எடையைவிடத் தொடை எலும்பின் நீளம்தான் இதைத் தீர்மானிக்கிறது. அமர்ந்தபின் உங்களுக்குப் பின்னால் நான்கு விரல் இடம் இருந்தால் போதுமானது. முழங்கால், ஃபிளாப் எனப்படும் பக்கத் தோல்மடலின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது. ஃபிளாப்பின் கீழ்விளிம்பு நீண்ட பூட்ஸின் மேல்விளிம்பில் மாட்டக் கூடாது. பலரும் பார்க்கத் தவறுவது ட்விஸ்ட் எனப்படும், இருக்கைக்குச் சற்று முன்னால் தொடைகள் அணைத்துக்கொள்ளும் பகுதி. அது உங்களுக்கு அகலமாக இருந்தால் இடுப்பு மூட்டு இழுபடும். இறங்கும்போது நடக்கவே சிரமப்படுவீர்கள். குதிரையின் அகலத்துக்கும் ட்விஸ்டின் அகலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அகன்ற குதிரைக்கும் குறுகிய ட்விஸ்ட் கொண்ட சேணம் கிடைக்கும். அங்கவடி மாட்டும் இரும்பு அதிகம் முன்னால் இருந்தால், நீங்கள் எவ்வளவு முயன்றாலும் நாற்காலியில் அமர்வது போல் கால் முன்னே போய்க்கொண்டேயிருக்கும். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே செங்குத்துக் கோட்டில் வராது. பெரிய முழங்கால் தடுப்புகள் இதைச் சரிசெய்துவிடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. அவை காலைப் பூட்டிவைக்கின்றன, அவ்வளவுதான்.

பழைய சேணம் என்பதால் ட்ரீ உடையாமல் இருக்கிறதா என்பதைத் தனியே பாருங்கள். முன்பக்கத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்மேட்டை உங்களை நோக்கி இழுத்தால் சிறிது மட்டுமே வளைந்து மீள வேண்டும். கிரீச்சிடவோ, ஓரிடத்தில் மடியவோ கூடாது. முன்வளைவின் இரு முனைகளையும் கைகளால் அழுத்தினால் அசைவே இருக்கக் கூடாது. பேனலுக்குள் கம்பளி கட்டி கட்டியாக இருக்கிறதா, வார்களின் தையல் விட்டிருக்கிறதா, துளைகள் நீண்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கம்பளியை மாற்றி நிரப்பலாம், வாரை மாற்றித் தைக்கலாம். ட்ரீ போனால் சேணம் போனது.

ஒரு வாரச் சோதனைக்குத் தர விற்பவர் சம்மதித்தால், வைப்புத்தொகை, திருப்பும் தேதி, அப்போதைய கீறல்கள் எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வாங்கி எடுத்துவாருங்கள். சம்மதிக்காவிட்டால், நீங்கள் சொல்லும் அந்தச் ‘சற்று அகல’த்துக்கு 90,000 ரூபாய் தர வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்றதிலிருந்து டிரெஸ்ஸாஜ்தான் வேண்டும் என்கிறாள். பயிற்சிப் பள்ளிக் குதிரைகளில்தான் ஏறுகிறாள். அவளுக்கென்று சேணம் வாங்கித் தரலாமா?
— வாசகர், சென்னை

பதில்: 2023 செப்டம்பரில், 41 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த அந்தத் தங்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்திருக்கிறது. ஆனால் இப்போது வாங்க வேண்டாம். சேணம் முதலில் குதிரைக்குப் பொருந்த வேண்டிய பொருள். இன்று ஒரு குதிரை, நாளை வேறு குதிரை என்று ஏறும் குழந்தைக்குச் சொந்தச் சேணம் வாங்கினால், அது எந்தக் குதிரைக்கும் சரியாக அமையாது. 13 வயதில் தொடை எலும்பும் வேகமாக வளரும். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட், பூட்ஸ், கூடுதல் பயிற்சி வகுப்புகள் வாங்குங்கள். சர்வதேச விதிகளின்படி நடக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில், குதிரையோடு நெருக்கமாகப் படியும், நீண்டு ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் ஃபிளாப் கொண்ட சேணம் கட்டாயம். உள்ளூர்ப் போட்டி எனில் அதன் விதிப்புத்தகத்தைப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 28,000 ரூபாய்க்கு இணையத்தில் சேணம் வாங்கினேன். என் குதிரையின் தோளை நெரிக்கிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: பொருந்தாமையும் குறைபாடும் வேறு வேறு. ‘மீடியம்’ என்று சொல்லி மீடியம் அனுப்பியிருந்தால், உங்கள் குதிரை அகலமானது என்பதற்காக விற்பவரைக் குறைசொல்ல முடியாது. உங்கள் விஷயம் அப்படியல்ல. எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் சேணம் என்று ஒன்று கிடையாது. அந்த விளம்பர வாக்கியமே உங்கள் பிடி. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்துவையுங்கள். பில், பணம் செலுத்திய சான்று, சேணம் தோளில் அமரும் நிலையைக் காட்டும் படங்கள், மறுப்பு வந்த செய்தி ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். புகார் முடியும்வரை அந்தச் சேணத்தில் மீண்டும் ஏற வேண்டாம். பயன்படுத்திய தடம் உங்கள் வாதத்தையும் குதிரையின் தோளையும் ஒருசேரக் கெடுக்கும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். பலன் இல்லையெனில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள், நேரிலோ இணையம் வழியாகவோ மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குதிரையேற்றப் பள்ளி நடத்துவதற்காக வாங்கியிருந்தால், அது உங்கள் சுயதொழில் என்று காட்ட முடிந்தாலொழிய, வணிக நோக்கம் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்ய எதிர்த்தரப்பு முயலும். எந்தப் பெயரில் பில் இருக்கிறது என்பதை மனு எழுதும் முன் எடுத்துப் பாருங்கள்.